மூன்றாவது படத்துக்கு மாலை

வெம்பிளியில் விலை கூட என்று லண்டனைக் குறுக்கே வெட்டி ஈஸ்ட் ஹாமுக்குப் போய்த்தான் யாக்கோப்பு அந்தச் சந்தன மாலைகளை வாங்கினார். தேவை இரண்டு. கடைக்காரர் மூன்றாவது சும்மா என்றார். சும்மா கிடைப்பதை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் யாக்கோப்புக்கு டென்மார்க்கில் இருந்தபோதும் இல்லை, லண்டனுக்கு வந்தும் வரவில்லை.

அன்று கிங்ஸ்பரி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் இருபதாவது ஆண்டுவிழா. பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய மூன்று பேரின் படங்களையும் ஏணியில் ஏறி மண்டபச் சுவரில் மாட்டியவர் அவர்தான். இடப்பக்கம் செல்வரத்தினம் மாஸ்டர், வலப்பக்கம் கிருஷ்ணமூர்த்தியர். இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள், மாலை போட்டாயிற்று. நடுவில் பியற்றிஸ் ரீச்சர், வெறுங்கழுத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். இறங்கி நின்று பார்த்தால், நடுப்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது சுவர். கையிலோ ஒரு மாலை மிச்சம். யாக்கோப்புக்குக் கலையுணர்ச்சி வருவது குறைவு. அன்று பார்த்து வந்தது. திரும்ப ஏறி அதையும் போட்டுவிட்டார்.

செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவது என்ற சங்கதி, ஏணியால் இறங்கித் திரும்பி, பற்றீஸ் பலகாரத் தட்டோடு நின்ற அஞ்சலீனாவின் முகத்தைக் கண்ட பிறகுதான் அவர் மண்டையில் ஏறியது. அஞ்சலீனா பியற்றிஸ் ரீச்சரின் தங்கை. அவள் தட்டை மேசையில் வைத்தாள். துணியால் மூடினாள். குசினிக்குள் கோப்பை கழுவப் போய்விட்டாள்.

பியற்றிஸ் ரீச்சர் மூன்று வருடத்துக்கு முன்பு வன்னிக்குப் போனவர். ஒரு வருடம் அங்கத்தைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், பாதை பூட்டுப்பட்டு, சண்டைக்குள் அகப்பட்டுவிட்டார். மே மாதம் சண்டை முடிந்தது. இப்போது நவம்பர். இருக்கிறார் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் சேதி இல்லை.

தலைமையாசிரியர் பீற்றர் மாஸ்டர் ஓடிவந்தார்.

"என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? கழட்டும் ஐசே."

"கழட்டுறன். நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ மாஸ்டர். ரீச்சர் இருக்கிறாவோ, இல்லையோ?"

"சண்டைக்குத் தப்பின சனத்தை அடைச்சு வைச்சிருக்கிற செட்டிகுளம் முகாமிலை ஆரோ கண்டவையாம்."

"ஆர் கண்டது?"

"கண்ட ஆளைத் தெரிஞ்ச ஒராள் டூட்டிங்கிலை இருக்கிறார்."

"அந்த டூட்டிங் ஆளிட்டை நான் போனனான். அவர் உங்களிட்டைத்தான் கேள்விப்பட்டவராம்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏணியைக் கவனமாப் பிடியும்," என்றுவிட்டுப் போய்விட்டார்.

யாக்கோப்புக்கு அந்தச் சேதி ஊருக்கு வேண்டிய சேதி அல்ல, தனக்கு வேண்டிய சேதி. பதினொரு வருடத்துக்கு முன்பு இந்த மண்டபத்தின் ஹீற்றரைத் திருத்த வந்தவர், ரீச்சர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பிறகு போகவேயில்லை. எட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தார். கடைசியில், விமான நிலையத்தில், பெட்டி நிறுக்கும் இடத்தில், பெட்டி பாரம் கூடிப்போய்ச் சேலைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்த மனுசியிடம், என்னைக் கட்டுவீங்களோ என்று கேட்டார். "இதைக் கேக்கிற இடமே இது? வந்து சொல்லுறன்," என்றுவிட்டு ரீச்சர் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. முதலில் ரீச்சரின் முன்னறையில், சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு நாலு பிள்ளைகள். பிறகு சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை. பிறகு இந்த மண்டபம். ரோட்டுப் போடவும் வீடு கட்டவும் வந்த ஐரிஷ்காரர் தங்கள் பிள்ளைகளுக்கென்று எழுப்பிய பள்ளிக்கூடம் இது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தூரத்தில் வீடு வாங்கிப் போய்விட, கட்டடத்துக்குச் சொந்தமான கத்தோலிக்கக் கோவில்பற்று அதைத் தமிழருக்கு வாடகைக்கு விட்டது. இப்போது முந்நூறு பிள்ளைகள். வாசலில் கார் விடத் தாய் தகப்பன்மார் அடிபடுகிறார்கள்.

வகுப்பு சத்தம் போட்டால் ரீச்சர் கத்தமாட்டார். சாவியால் சுவரோரத்து ஹீற்றர் பைப்பில் மூன்று தட்டு. பைப் கட்டடம் முழுக்க ஓடுவதால் எல்லா வகுப்பும் அடங்கிப்போகும். ரீச்சர் வன்னிக்குப் போன வருடத்துக் குளிர்காலத்தில் அந்தப் பைப் தானாகத் தட்டத் தொடங்கியது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது. கொஞ்ச நேர வேலை. யாக்கோப்பின் சாப்பாடே அந்த வேலைதான். ஆனால் அவர் தொடவில்லை. கேட்டால், "சாமான் வரேல்லை," என்பார்.

மாலையைக் கழற்ற அவர் ஏணியில் நின்றபோது பைப் தட்டியது. ஒத்திகைக்கு வந்து மண்டபம் இடிய ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்றார்கள். ரீச்சரைக் கண்ணாலும் காணாத ஐந்து வயதுகள் வாயில் விரல் வைத்துச் சுவரைப் பார்த்தன. இல்லாத ஒரு மனுசிக்கு முந்நூறு பிள்ளைகள் பணிந்து நிற்கிறார்கள் என்று நினைத்ததும், அந்த "இல்லாத" என்ற சொல் தானாக வந்துவிட்டதே என்று யாக்கோப்பு அவசரமாக மாலையைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். அதைச் சுருட்டிப் பொக்கற்றுக்குள் திணித்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

அஞ்சலீனா கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் ஒரு மடையன்."

"அது தெரிஞ்ச விசயம்தானே அண்ணை. தேத்தண்ணி போடட்டோ?"

மே மாதத்திலிருந்து அக்காவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவளிடமிருந்து வருவது தேத்தண்ணிதான். யாக்கோப்பின் நித்திரை கெட்டதில் பாதிப் பங்கு அதற்கு. மீதிப் பாதி, முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நிற்கும் பெண்களின் படங்களைக் கம்பியூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு முகத்தைத் தேடியதால்.

"வேண்டாம். உம்மடை தேத்தண்ணியாலை என்ரை வயிறு புண்ணாப் போச்சு. நீர் என்னை ஏசியிருக்கலாம். இருக்கிற மனுசிக்கு மாலை போட்டவன் எண்டு செருப்பாலை அடிச்சிருக்கலாம். நான் சந்தோசமா வாங்கியிருப்பன். நீர் பற்றீசை மூடிப்போட்டு வந்திட்டீர். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவள் குழாயைப் பூட்டினாள்.

"பின்னேரம் அம்மா வருவா அண்ணை. அவ கண்டிருந்தா?"

"கழட்டிப்போட்டன். நான் கேட்டது அதில்லை."

"தெரியும்."

"அப்ப சொல்லும். நான் மூண்டு வருசமா ஒரு பதிலுக்கு நிக்கிறன். அக்கா உமக்குச் சொன்னாவோ தெரியாது."

"சொன்னவ. பெட்டி நிறுக்கிற இடத்திலை கேட்டதெண்டு சிரிச்சவ." அவள் கைகளைத் துடைத்தாள். போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மாவுக்குச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரேல்லை. அதாலை உங்களுக்கும் சொல்லேல்லை. அக்கா செத்துப்போனா அண்ணை. மே மாசம், முள்ளிவாய்க்கால்லை, ஷெல் விழுந்து. அவவைக் கிடங்கு வெட்டித் தாட்ட மனுசி முகாமிலையிருந்து எனக்குப் போன் எடுத்தவ. கழுத்திலை கிடந்த மாதா சுரூபம் வரைக்கும் சரியாச் சொன்னவ. நீங்கள் இனி ஒருத்தரிட்டையும் கேட்டுத் திரியவேண்டாம். அக்கா வரமாட்டா."