அனுப்புநர் விலாசம்

கூடத்தில் இருந்தவர்கள்: இரும்பு நாற்காலியில் நகராட்சி அதிகாரி ஸ்ரீஹரி. பக்கத்து பெஞ்சில், பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுகிற ரக்ஷிதா. மாடிப்படியில் டீக்கடை மணிவேல். வாசல் நிலையில் சாய்ந்து, உட்காராமல், திருப்பதியிலிருந்து வந்திருந்த என் மகள் மஞ்சு. கட்டிலில் நான்.

சித்தூர் கோர்ட்டுக்குக் கேஸ் நடத்த வருகிறவர்கள் ராத்தங்க என் தாத்தா கட்டிய விடுதி இது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்து வாதியும் பிரதிவாதியும் அடுத்தடுத்த அறையில் படுத்திருந்துவிட்டு, காலையில் ஒரே குழாயடியில் பல் விளக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்கள். இப்போது அத்தனை அறையிலும் நான் ஒருவன்தான். மேற்குச் சுவர் வெடித்துவிட்டது. இன்னொரு ஐப்பசி மழை தாங்காது என்றாள் ரக்ஷிதா.

ஊரின் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு பட்டியல் போடுகிறார்களாம். அதில் சேர்ந்துவிட்டால் இடிக்க முடியாது, சுவரை நகராட்சியே சரிசெய்யும், பிறகு நூலகமாக்கும். ஆனால் ஆள் குடியிருக்கிற வீட்டைச் சேர்க்க மாட்டார்கள். மாதக் கடைசியில் கமிட்டி கூடுவதற்குள், இங்கே யாரும் குடியில்லை என்று நான் கடிதம் தர வேண்டும்.

"ஒரே லைன், சம்பத்காரு. எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது" என்றார் ஸ்ரீஹரி.

"நான் இருக்கறனே."

மணிவேல் சிரித்தான். "ஜெயிச்சவன், தோத்தவன் எல்லாம் போய்ட்டான். இவரு ஒருத்தருதான் இன்னும் வாய்தா வாங்கிக்கினு கீறாரு."

எங்கே போவீர்கள் என்று ரக்ஷிதா கேட்டாள். எல்லோரும் மஞ்சுவைப் பார்த்தார்கள். மஞ்சு தன் போனைப் பார்த்தாள்.

இருந்துகொண்டே இல்லை என்று எழுத எனக்கு வராது. அதனால் முதலில் காலி செய்தேன். திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அங்கே தினமும் புது மொட்டைகள், புது குடும்பங்கள். மேனேஜர் தினமும் என்னிடம் தரிசனம் ஆயிற்றா என்று கேட்பார். ஆயிற்று என்பேன். மறுநாளும் கேட்பார்.

அங்கிருந்து கடிதம் போட்டேன். மூன்றாம் நாள் ஸ்ரீஹரி போன் செய்தார். கடிதத்தை மேலிடத்தில் ஏற்கவில்லையாம்.

"அனுப்புநர்னு மேலே அந்த வீட்டு விலாசம். கீழே, அங்கே யாரும் இல்லேன்னு எழுதியிருக்கீங்க. அப்போ எழுதினது யார் சார், பேயா?"

கடிதம் என்றால் இடப்பக்கம் அனுப்புநர் என்று தொடங்க வேண்டும் என்பது சின்ன வயதில் நகரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது. சித்தூர் வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் என் கை வேறு விலாசம் எழுதியதில்லை.

கமிட்டி வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய். லாட்ஜ் விலாசம் கேட்டேன். அதையெல்லாம் கடிதப் போக்குவரத்துக்குத் தருவதில்லை என்றார் மேனேஜர். மஞ்சுவுக்குப் போன் செய்து, அவள் விலாசத்தைப் போட்டுக்கொள்ளட்டுமா என்றேன்.

"வெறும் கடிதாசிக்குத்தானே, நைனா?"

"கடிதாசிக்குத்தான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு, "அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றாள். சரிம்மா என்றேன்.

மறுநாள் பத்து மணி வரை பார்த்தேன். போன் வரவில்லை. தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்தேன். பசை டப்பா இருந்த மேஜையில் நின்றபடி புதிதாக எழுதினேன். அந்த ஒரே வரி. இந்த முறை பொய் எதுவும் இல்லை. அனுப்புநர் என்று எழுதி, கீழே என் பெயர். அதற்குக் கீழே: தபால் நிலையத்திலேயே வைத்திருக்கவும், நேரில் வந்து பெற்றுக்கொள்ளப்படும், தலைமைத் தபால் நிலையம், திருப்பதி.

உறையை ஒட்டி, அதன் மேலும் அதே அனுப்புநர் விலாசத்தை எழுதி, ஓரங்களை விரலால் அழுத்தி, ஸ்பீட் போஸ்ட் ஜன்னலில் கொடுத்தேன். உள்ளே இருந்த அம்மாள் அனுப்புநர் விலாசத்தைப் படித்துவிட்டு ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். முத்திரை குத்தி, சித்தூர் பைக்குள் போட்டாள்.