மூடச் சொன்ன ஜன்னல்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. கணினி இதழ் ஒன்றின் ஆசிரியர் 'சாளர மேலாளர்கள்: ஓர் ஒப்பீடு' என்று நாலு பக்கம் கேட்டிருந்தார். திரையில் திறக்கிற ஜன்னல்களை எங்கே வைப்பது, எதன்மேல் எதைப் போடுவது என்று பார்த்துக்கொள்கிற நிரலுக்குத்தான் அந்தப் பெயர்.

"ஜன்னல்னு எழுதாதீங்க சார், சாளரம்னு போடுங்க," என்றார் தொலைபேசியில்.

எங்கள் வீட்டில் யாரும் சாளரம் என்று சொல்வதில்லை. வீம்புக்கு ஜன்னல் என்றே எழுதினேன். அந்த வீம்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் மிச்சக் கதை.

2

முதல் தொடக்கம்: 'மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலேயே வெளிச்சத்துக்காக ஒரு' — வேண்டாம்.

இரண்டாவது: 'அன்று மழை' — பொறுங்கள், மழைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மூன்றாவது, கட்டுரைக்காரனாக: மேலாளர்கள் இரண்டு வகை. முதல் வகை ஜன்னல்களை மிதக்க விடும். நாற்காலியில் துணி சேர்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். தேடினால் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். இரண்டாம் வகை, தரைக்கு ஓடு பதிக்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் பதிக்கும். எதுவும் எதையும் மறைக்காது. புதிதாக ஒருவர் வந்தால் மட்டும் இருக்கிறவர்கள் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.

என் மனைவி முதல் கட்சி. நான் இரண்டாம் கட்சி. வீட்டில் இருப்பது ஒரே கணினி.

3

அவள் மொழிபெயர்ப்பாளர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதுதான் அவள் வேலை. [நான் படிக்கிறேன். — மொ-ர்] மூன்று நாள் முன்பு ஓர் இதய மாத்திரைக்கு எட்டுப் பக்கம் முடித்திருந்தாள். [பதினொன்று. — மொ-ர்]

மன்னிக்கவும். அடைப்புக்குறிகளும் 'மொ-ர்' என்கிற மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தும் என்னுடையவை அல்ல. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் யாரோ கோப்பில் கை வைத்திருக்கிறார்கள். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. அடைப்புக்குறிக்குள் எழுதுவது பேச்சில் சேருமா என்று தெரியவில்லை. பாத்திரத்தின் மேல் எழுத்தாளனுக்குப் பிடி இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு வீட்டிலேயே இல்லை.

4

அன்று மதியம் அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். "ஒரு நிமிஷம்" என்று நான் உட்கார்ந்தேன். திரையில் அவள் இன்னும் சேமிக்காத ஜன்னல் திறந்திருந்தது. 'சேமிக்கவா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஜன்னல்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ஒரு விசையை அழுத்தினால், கேள்வி கேட்காமல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்படி நானேதான் அமைத்திருந்தேன். கட்டுரையில் இதைச் 'சிறப்பம்சம்' என்று வேறு எழுதியிருந்தேன்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, மழை வருது! அந்த ஜன்னல மூடுங்க!"

மூடினேன்.

அவள் இறங்கி வந்தபோது சுவரிலிருந்த ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. மேசையில் அகராதி நனைந்து உப்பியிருந்தது. திரையில் பதினொரு பக்கமும் இல்லை.

"எந்த ஜன்னல மூடினீங்க?"

"நீ சொன்னத."

"நான் எதச் சொன்னேன்?"

"ஜன்னல்னுதான் சொன்ன."

"மழை வருதுன்னும் சொன்னேன்ல? கம்ப்யூட்டருக்குள்ளயா மழை பெய்யும்?"

சாளரம் என்று பழகியிருந்தால் தப்பித்திருப்பேன். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் கம்பெனியிடம் அவகாசம் கேட்டாள். அதே பதினொரு பக்கத்தை மறுபடி தட்டுகிற சத்தத்தை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

5

முடிவு அ: நான் திருந்திவிடுகிறேன். [அறிவியல் புனைவு. — மொ-ர்]

முடிவு ஆ: ஒரே கணினிக்குள் ஒன்பது தனித்தனித் திரைகள் தருகிற மேலாளர் உண்டு. ஆளுக்கு நாலரை என்று பிரித்துக்கொள்கிறோம். [எனக்கு ஐந்து. — மொ-ர்]

முடிவு இ: 'என்னை மன்னித்து' — மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். நேரில் கேட்க வேண்டியதைக் கதைக்குள் ஒளிந்துகொண்டு கேட்பது கோழைத்தனம்.

இப்போது வேண்டுமென்றே தண்ணீர் குடிக்கப் போகிறேன். ஐந்தாவது தம்ளர்.

[ஆமாம், கோழைத்தனம்தான். ஆனாலும் அழித்ததைப் படித்தேன். — மொ-ர்]

6

வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. அவள் மாடிக்குப் போயிருக்கிறாள். பழக்கதோஷம், இந்தக் கதையை நான் இன்னும் சேமிக்கவில்லை. அந்த விசையையும் மாற்றவில்லை.

"என்னங்க! மழை வருது! அந்த ஜன்னல மூடுங்க!"

கேட்டீர்களா? என்னங்க என்றாள். மூன்று நாள் கழித்து, வாயால். விரல் விசைமேல்தான் இருக்கிறது. நான் எழுந்து

[இதற்குமேல் அவர் எழுதவில்லை. எந்த ஜன்னல் என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளலாம். கோப்பைச் சேமித்தது நான். — மொ-ர்]