ண இல்லாத நாவல்

மிக்ஸியோடும் துணி துவைக்கும் இயந்திரத்தோடும் கூடவே வரும் கையேடுகளைத் தமிழில் எழுதுவது அவன் பிழைப்பு. ஆனால் வீட்டில் அவனுக்கு நாவலாசிரியர் என்று பெயர். வைத்தது மனைவி. அந்த நாவலை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அவனே பார்த்ததில்லை என்று சொன்னாலும் பெரிய பொய்யாகாது.

இணையம் இருக்கிற கணினியில் தனக்கு எழுத்து ஓடாது என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வீட்டுக் கணினியை வாங்கி வந்தான். அவன் பள்ளியில் படித்த காலத்தில் வசதியான வீடுகளில் இருந்த சாமான். விசைப்பலகை, மூளை எல்லாம் ஒரே பெட்டி. டிவியோடு பொருத்த வேண்டும். எழுதியதைப் பாட்டு கேட்கிற கேசட்டில் பதிய வேண்டும். அதற்குத் தமிழ் தெரியாது. கற்றுக்கொடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தான். அப்படி நினைத்த சாயங்காலத்தோடு நாவல் நின்றது.

ஒவ்வொரு எழுத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் வரைந்தான். விசைக்கு ஓர் எழுத்தாகப் பங்கு பிரித்து, மேலே வெள்ளைத் துண்டுகளை ஒட்டினான். க முதலில் வலது ஆள்காட்டி விரலுக்கு வந்தது. சரிப்படவில்லை என்று இடதுக்குப் போனது. மெய்ப்புள்ளி சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்குக் குடிபெயர்ந்தது. வரியை அழிக்கும் விசையை எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே ஒரு மழைக்காலம் போனது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விரல்கள் பழைய இடத்துக்கே போய் முட்டின. 'அவள்' என்று அடித்தால் 'இபந்' என்று வந்தது. இதற்கெல்லாம் முன்னேற்பாடு என்று பெயர் வைத்திருந்தான்.

ண மட்டும் மசியவில்லை. அதன் சுழிகள் அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல், மிதிபட்ட பூச்சி மாதிரி திரையில் கிடந்தன. கொஞ்ச நாள் மல்லுக்கட்டிவிட்டு, ண இல்லாமலே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தான். அவன் கதாநாயகிக்குக் கண் கிடையாது, விழிதான். அவள் பெண்ணும் இல்லை, மங்கை. வண்டி ஏறாமல் எங்கேயும் நடந்தே போனாள். கல்யாணமோ திருமணமோ நடக்க வழியில்லாததால் காதலர்கள் காதலித்தபடியே இருக்க வேண்டியதாயிற்று. நாளடைவில் இதைத் தன் நடை என்றே நம்பத் தொடங்கியிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் அக்கா வந்து சேர்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓய்வுபெறப் போகிற நேரத்தில் படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பிரிவுபசார விழாவில் அவள் பேச வேண்டும்.

"எழுதி வச்சுப் படிச்சாத்தான் எனக்குப் பேச்சு வரும். கையோ இப்படி ஆயிடுச்சு. உங்கிட்ட எழுதற பெட்டி இருக்காமே?"

"இருக்குக்கா. நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

அவன் கேசட்டை ஓடவிட்டு எழுத்துகளை ஏற்றினான். அது கீச்சிட்டு முடிகிறவரை அக்கா பொறுமையாக இருந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். "கண் வார்டுல என் முதல் நாள். ஒரு அம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சேன். அவங்க என்னைப் பார்த்துட்டு, 'இவ்வளவு சின்னப் பொண்ணா'ன்னு கேட்டாங்க. பயத்துல என் கையில இருந்த தண்ணி டம்ளர் விழுந்துடுச்சு."

அடித்து முடித்ததும் அக்கா டிவியைப் பார்த்து மெல்லப் படித்தாள்.

"விழி வார்டா? அப்படி ஒரு வார்டு எங்ககிட்ட இல்லையேடா."

"கொஞ்சம் இலக்கியமா இருக்கட்டும்னுதான்."

"அந்த அம்மா என்னை மங்கைன்னா கூப்பிட்டாங்க?"

அவன் விசைப்பலகையைத் துடைத்தான். அதில் தூசி எதுவும் இல்லை.

"இதுல ண வராதுக்கா."

"ஏன்?"

"நான் இன்னும் செய்யல."

"அப்போ உன் நாவல்ல?"

"அதுலயும் இல்ல."

அவள் சிரித்திருந்தால் தேவலை. சிரிக்காமல், மாத்திரை சாப்பிட மறந்த நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சரி, செய். நான் காத்திருக்கேன்," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

ஒரு கட்டம் போதாவிட்டால் இரண்டு கட்டம் கொடுக்கலாம் என்பது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். கொடுத்துவிட்டால் நாவலை எழுத வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். இப்போது அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கட்டங்களைச் சேர்த்து வரைந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தாலும் பார்த்தவுடன் ண என்று தெரிந்தது. அதைச் செய்து முடிக்க, அக்கா ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆனது. அந்த அவமானத்தை அவன் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு அவள் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனான். புண், எண்ணெய், நண்பர்கள், ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த போலீஸ்காரர். எந்த விரல் எங்கே போகிறது என்று யோசிக்க நேரமில்லை. நாவலில் ஒரு பக்கத்தைத் தாண்டாதவன், அன்று சாயங்காலத்துக்குள் நாலு பக்கம் அடித்திருந்தான்.

முடித்த பிறகுதான் அச்சுப்பொறி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்து, டிவியைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் தாளில் எழுதினான். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அக்கா சொல்லவில்லை. மனைவி சொன்னாள்.

விழாவில் அவனும் போய் உட்கார்ந்திருந்தான். அக்கா பாதிவரை நன்றாகத்தான் படித்தாள். பிறகு தாளைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். "மன்னிக்கணும், என் தம்பி கையெழுத்து டாக்டர்களைவிட மோசம்," என்றாள். சிரிப்பு அடங்க நேரமானது. தாளை மடித்துவிட்டு மீதியை வாயாலேயே சொன்னாள். அவன் அடித்ததைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது. போலீஸ்காரர் கதையில் கிழவர் ஒருவர் எழுந்து, அது நான்தான் என்று கையை உயர்த்தினார்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரமே அக்கா மறுபடி வந்தாள். இப்போது அவளே எழுதலாம், கை சரியாகிவிட்டது.

"வார்டு கதை இன்னும் நிறைய இருக்கு. உங்கிட்ட சொன்னாத்தான் ஞாபகம் வருது. உன் நாவல் வேலை கெட்டுப்போகுமா?"

"அது ஒண்ணும் கெடாது," என்றான். மனைவி வாயைத் திறக்குமுன் கேசட்டை ஓடவிட்டான்.