கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள்

"அப்பா வீட்டில சொல்வழி கேக்கிறவரோ, பிள்ளை?" என்று கிளினிக்கில் எல்லோரும் மிஸி என்று கூப்பிடும் தாதி ஒருமுறை நிதர்சனாவிடம் கேட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பா இன்னாசித்தம்பி முழங்கையால் மெல்ல இடித்தார். அவள் ஓமென்று தலையை ஆட்டினாள். அன்று அவருடைய இரத்தத்தில் சீனி அளவாகத்தான் இருந்தது. "அண்ணையைப் பாத்துப் பழகுங்கோ" என்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் மிஸி.

மாதம் ஒரு கிளினிக். அதற்கு மூன்று நாள் முன்பு இன்னாசித்தம்பி வேறு மனிதராகிவிடுவார். குரக்கன் புட்டு, பாவற்காய், சீனி போடாத தேத்தண்ணி. விடிய முன்பே கடற்கரையில் நடை. டொக்டர் தந்த குளிசையும் நேரம் தவறாமல் விழுங்குவார். நாலாம் நாள் கிளினிக்கால் வந்ததும் குளிசைப் பை அலுமாரிக்குள் போய்விடும். தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி விழும்.

"இது ஆரை ஏமாத்திற வேலை?" என்று அம்மா அற்புதம் கத்துவாள்.

"மாசம் மூண்டு நாள் எண்டா வருசத்துக்கு முப்பத்தாறு. யேசுவே நாப்பது நாள்தானப்பா உபவாசம் இருந்தவர்" என்று சிரிப்பார் அவர்.

போன மாதம் களப்பில் இறால் வலை வீசும்போது சிப்பி அவர் காலை வெட்டியது. காயம் ஆறவில்லை. சப்பாத்தைக் கழற்றினால் வீடு நாறியது.

"மிஸியிட்டக் காட்டுங்கோ அப்பா" என்றாள் நிதர்சனா.

"நோகேல்லையடி. நோகாத காயத்தை என்னத்துக்குக் காட்டுறது? ஊரே என்னைப் பாத்துப் பழகுது, அவா என்ன நினைப்பா?"

இந்த மாதம் சீனி சற்றே ஏறியிருந்தாலும் மிஸி பெரிதுபடுத்தவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி அவரைக் கேட்டார். இன்னாசித்தம்பி எழுந்து நின்றார். நேரத்துக்குச் சாப்பாடு, விடியற்காலை நடை, மனதில் கவலை வைக்கக் கூடாது என்று பங்குத்தந்தை பிரசங்கம் வைப்பதுபோலச் சொன்னார். சனம் வாய் பார்த்துக் கேட்டது.

நிதர்சனாவும் எழுந்து நின்றாள். வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

"மிஸி, அப்பாவின்ர காலைப் பாருங்கோ. இவர் மாசத்தில மூண்டு நாள்தான் இப்பிடி."

யாரோ பின்னால் சிரித்தார்கள். மிஸி சிரிக்கவில்லை. அவரை இருத்தி, சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. டொக்டர் வந்து ஊசிமுனையால் தொட்டார்.

"நோகுதோ ஐயா?"

"இல்லை."

டொக்டரின் முகம் இறுகியது. "நோகாததுதான் ஆபத்து. இண்டைக்கே வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போக வேணும். விரலை எடுக்கிறதோட நிண்டா நல்லது. விட்டா முழுக்காலும் போகும்" என்றார். பிறகு நிதர்சனாவைப் பார்த்தார். "போன மாசமே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி?"

மிஸி வவுனியாவுக்குத் துண்டுச் சீட்டு எழுதி நீட்டினார். இன்னாசித்தம்பி அதை வாங்கவில்லை. குனிந்து சப்பாத்தைக் காலில் மாட்டினார். நாடா கட்ட அவருக்கு நெடுநேரம் எடுத்தது. அவள் உதவிக்குக் குனிந்தபோது காலை இழுத்துக்கொண்டார். வரிசை இரண்டாய் விலகி வழிவிட்டது.

"அப்பா, நில்லுங்கோ அப்பா..."

அவர் அவளைக் கடந்து வாசலால் இறங்கிப் போனார்.