போகாத ஏழு புள்ளிகள்

வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, இது வயல், இது வீடு, இது தரிசு என்று கணினி நிறம் பூசிவிடும். அது சரிதானா என்று நேரில் போய்ப் பார்ப்பது அவள் வேலை. வரைபடத்தில் ஆங்காங்கே இருநூறு புள்ளிகள் குறித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் போய் நின்று, கண்ணில் படுவதை எழுத வேண்டும்.

கடைசி நாள், ஆற்றுக்கு அக்கரையில் ஏழு புள்ளிகள் பாக்கி. தூறல் வேறு. காலில் புதுச் செருப்பு. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே ஏழுக்கும் 'சரி' போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தொண்ணூற்று நான்கு சதவீதம் துல்லியம் என்று அறிக்கை போனது. மேலாளர் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

நான்கு மாதம் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். அரசிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் வெள்ளரி போட்டிருப்பவள். நிலம் சும்மா கிடக்கிறது என்று வரைபடம் சொன்னதால் குத்தகையை ரத்து செய்து, லாரி நிறுத்துவதற்காகப் பாதியை இயந்திரம் விட்டு வழித்துவிட்டார்களாம்.

"படம் எடுத்தப்ப விதை போட்டு நாலு நாள்தான் சார். மேல இருந்து பார்த்தா மண்ணுதான் தெரியும். நேர்ல வந்திருந்தா கொடி காலைத் தடுக்கியிருக்கும்! ஒருத்தராவது வந்தீங்களா?"

"வந்திருக்காங்கம்மா. இதோ, இவங்கதான்" என்றார் மேலாளர்.

"நான் வந்தப்ப ஒண்ணும் இல்லையே" என்றாள் இவள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வந்தவள் குழம்பிப் போனாள். "அந்தச் சமயம் மாமியார் ஆஸ்பத்திரியில இருந்தாங்க, நான் பத்து நாள் அங்கதான்... ஆடு கீடு மேஞ்சிருக்குமோ?" தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

"மூணு நாளா தட்டையே பார்த்துக்கிட்டிருக்கே. என்ன ஆச்சு?" என்று கணவன் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அக்கரைக்குப் போய் ஏழு புள்ளிகளிலும் நின்றாள். மூன்று தப்பு. மூன்றாவது வெள்ளரித் தோட்டம். மிச்சமிருந்த பாதியில் அந்தப் பெண் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நான் இங்க வரவே இல்ல."

"வரவே இல்லையா?"

"மழைன்னு... வரல. என்னை மன்னிச்சிடுங்க."

அந்தப் பெண் கையிலிருந்த களையை ஓரமாகப் போட்டாள். "அந்தப் பத்து நாள் மாமியார் பக்கத்துல உட்கார்ந்தது தப்போன்னுகூட நினைச்சுட்டேன். மன்னிப்பெல்லாம் அப்புறம். இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க."

வரப்பில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நகலை மேலாளரிடமும் கொடுத்தாள். அறிக்கை தொண்ணூற்று இரண்டரை ஆனது. அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். மிச்சமிருந்த பாதி நிலம் குத்தகையோடு அந்தப் பெண்ணிடமே நின்றது. வழித்த பாதி திரும்ப வரவில்லை. அங்கே லாரிகள் நிற்கின்றன.

மன்னிப்பைப் பற்றிக் கேட்க அவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. கேட்கத் தனக்கு வாயில்லை என்று கணவனிடம் ஒருமுறை சொன்னாள்.