வெள்ளிக்கிழமை டூட்டி ஷீட்

பத்து மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் சீதாராமன் சர்வர் ரூமுக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தினார். சாத்திய கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மணிமாறன் திரும்பவில்லை. அட்மின் மேனேஜர் நேரில் வந்தால் கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். அவ்வளவுதான்.

2009 பிப்ரவரி. துபாயில் ஜெபல் அலி துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்கள் பாதியாகக் குறைந்து, அந்த கார்கோ கம்பெனியில் ஆட்கள் குறையத் தொடங்கி நான்காவது மாதம். லிஸ்டில் இருப்பவர்களை எச்.ஆர். கூப்பிட்டுச் சொல்வதற்குப் பத்து நிமிடம் முன்னால், எல்லா ஃபோல்டர்களிலிருந்தும் அவர்கள் பெயரை மணிமாறன் எடுத்துவிட வேண்டும். இதுவரை நாற்பத்தோரு பேரை எடுத்திருந்தான். நாலாவது ஆள், அவனோடு ஒரே ரூமில் படுத்த பாண்டித்துரை. அன்றைக்கு மட்டும் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்தாவது ஆளுக்கு வந்தபோது, ஒரு கையால் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் டைப் அடித்தான்.

"எத்தனை பேர் சார்?"

"லிஸ்ட் இல்லப்பா. ஃபோல்டர்." சீதாராமன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். பதினெட்டு டிகிரி ஏசியில் அவருக்கு வியர்த்திருந்தது. "வேர்ஹவுஸ் டூட்டி ஷீட் போட்டு வெச்சிருக்கமே, அது. என்னைத் தவிர ஒருத்தரும் தொடக் கூடாது. பதினோரு மணிக்கு இன்ஷூரன்ஸ் ஆள் வர்றான்."

மணிமாறன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் நம்பர் வேர்ஹவுஸில் டைல்ஸ் அடுக்கிய பேலட் சரிந்து, ஜெயமணி என்கிற ஹெல்பரின் காலை நசுக்கிவிட்டது. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். ஒரு ஆபரேஷன் முடிந்திருந்தது. இரண்டாவதுக்கு, இது டூட்டியில் நடந்த விபத்துதான் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். தந்தால் கால் நிற்கும். தராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு ஊருக்கு ஃபிளைட் ஏற்றிவிடுவார்கள். கம்பெனியோ, வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அவனாகவே உள்ளே வந்து மாட்டிக்கொண்டான் என்று சாதித்துக்கொண்டிருந்தது. லீவு நாளில் ஆளைக் கூப்பிட்டதும், லைசென்ஸ் இல்லாத ஒருவனை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவிட்டதும் வெளியே தெரிந்தால் கம்பெனி கதவையே சாத்திவிடுவார்கள்.

டூட்டி ஷீட் வேறு கதை சொன்னது. வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி, ஜெயமணி. ஒரே ஒரு வரி. அந்த வரி பதினோரு மணிக்குள் காணாமல் போக வேண்டும். பேக்கப் டேப் டிரைவ் கெட்டுப்போய் மூன்று மாதம். புதிதாக வாங்க மேலே கையெழுத்து ஆகவில்லை. ஆக, உலகத்தில் அந்த வரி இருந்த இடம் அது ஒன்றுதான்.

மணிமாறன் திரையில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்தான். வெள்ளை எழுத்துக்கள் ஓடின.

'கேக்கல்ஸ்' என்று ஒரு கட்டளை. எந்த ஃபோல்டரை யார் தொடலாம் என்று எழுதி வைப்பது அதன் வேலை. இருக்கிற பெயர்களோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமானால் கூடவே ஒரு 'ஈ' போட வேண்டும். போடாவிட்டால் பழைய பெயர்கள் அத்தனையையும் துடைத்துவிட்டு, புதிதாகச் சொன்ன பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு வந்த யாரும் ஒரு தடவையாவது அந்த 'ஈ'யை மறந்து, ஒரு டிபார்ட்மென்டையே வெளியே நிறுத்திவிட்டுத் திட்டு வாங்கியிருப்பார்கள். மணிமாறன் இன்று தெரிந்தே விட்டான். சீதாராமனின் பெயரை அடித்தான். என்டர்.

நிச்சயமா, ஆமா இல்லையா என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்றான். இருநூற்றுச் சொச்சம் ஃபைல்களின் பெயர்கள் மேலே ஓடி நின்றன.

"கலாஸா? முடிஞ்சுதா?"

"கலாஸ் சார். எனக்கும் சேர்த்துத்தான்."

சீதாராமன் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் மணிமாறன் பெயரில் திறந்து பார்த்தார். அனுமதி இல்லை என்றது. மூச்சு விட்டார்.

"தப்பா எடுத்துக்காதே மணி. அடுத்த லிஸ்ட்ல என் பேரும் இருக்கு. இதை முடிச்சுக் குடுத்தா எடுத்துடறேன்னு ஜி.எம். சொல்லியிருக்கார். பெரியவ பன்னெண்டாங் கிளாஸ். நடுவுல எங்கே கூட்டிண்டு போவேன்?"

"சரி சார்."

அதற்குள் மணிமாறனின் விரல்கள் அடுத்த கட்டளையை அடித்து முடித்திருந்தன. அவன் சொல்லி அடித்தவை அல்ல. நாற்பத்தோரு தடவை செய்த பழக்கம். கதவைப் பூட்டினால் புதிதாக யாரும் வர முடியாது. பூட்டும்போது உள்ளே இருந்தவர் உள்ளேயேதான் இருப்பார். ஃபைலும் அப்படித்தான். ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர்களைப் பார்க்க 'நெட் ஃபைல்' என்று அடிக்க வேண்டும்.

ஒரு வரி வந்தது. எண் 1187. பிப்ரவரி டூட்டி ஷீட். பக்கத்தில் ஒரு பெயர்.

சீதாராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "யாரு இது?"

"டிஸ்பேட்ச் பத்மாசனி அக்கா. காலைலயே திறந்து வெச்சிருக்காங்க. நாளைக்கு யாருக்கு டூட்டின்னு அதுலதான் போடுவாங்க."

"மூடு."

1187-ஐ மூடு என்று அடித்தான். கட்டளை வெற்றிகரமாக நிறைவேறியது என்று மெஷின் சொன்னது. அது எப்போதும் அப்படித்தான் சொல்லும்.

நிறைவேறாத ஒன்று இருந்தது. சர்வர் தன் பிடியை விட்டுவிட்டது, சரி. ஆனால் எக்ஸெல் திறக்கும்போதே முழு ஃபைலையும் அள்ளி அவள் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கும். மேல்மாடியில் பத்மாசனியின் திரையில் அந்த வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி, ஜெயமணி இன்னும் அப்படியே இருந்தது. அவளாக ஜன்னலை மூடும்வரை இருக்கும். இதை சீதாராமன் கேட்கவில்லை. மணிமாறன் சொல்லவும் இல்லை. தைரியம் என்றெல்லாம் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகி நாலு மாதம் ஆகிவிட்டது.

போன் அடித்தது. இருநூற்றுப் பதினாலு. டிஸ்பேட்ச்.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார் சீதாராமன்.

"தம்பி, இஞ்ச ஒரு மெசேஜ் வந்து நிக்குது." பத்மாசனியின் யாழ்ப்பாணக் குரல் அறை முழுக்க நிறைந்தது. "சேவ் பண்ண வெளிக்கிட்டா ஏலாதெண்டு சொல்லுது. நான் ஒண்டும் செய்யேல்ல, சத்தியமா. மூடிப்போட்டுத் திரும்பத் திறக்கவோ?"

இந்த ஆபீஸில் எந்தக் கோளாறுக்கும் மணிமாறன் சொல்லும் மருந்து அதுதான். மூடிட்டுத் திறங்க. அதற்காகவே அவனுக்கு 'மூடித்திற மாறன்' என்று பெயர் வைத்தவள் இவள்.

சீதாராமன் தலையை வேகமாக ஆட்டினார். மூடச் சொல்லு என்று வாயசைத்துக் கையாலும் காட்டினார்.

"அக்கா," என்றான் மணிமாறன்.

"சொல்லும்."

"மூடாதீங்க."

சீதாராமனின் கை நடுவழியில் நின்றது.

"மூடினா போயிடும். திரும்பத் திறக்க உங்களுக்கு பர்மிஷன் இல்லை. எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை பக்கத்துக்குப் போய் பிரிண்ட் குடுங்க. இப்பவே."

ரேஷன் கடையில் பெயர் வாசிப்பவன் குரல்தான். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"விளங்குது தம்பி." டொக்.

"அடப்பாவி!" சீதாராமனுக்குக் குரல் கீச்சிட்டது. "என்னடா பண்ணினே? பிரிண்டரை நிறுத்து! இங்கேருந்தே நிறுத்தலாமோன்னோ?"

"நிறுத்தலாம் சார்."

"நிறுத்து!"

மணிமாறன் நாற்காலியைப் பின்னால் தள்ளி கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினான். "நீங்க நிறுத்துங்க சார்."

கறுப்பு ஜன்னலில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. சீதாராமன் அதைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு ஓடினார். மாடிப்படியில் அவர் ஷூ சத்தம் தடதடவென்று கேட்டு, மேலே போய் அடங்கியது.

மணிமாறன் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் இல்லை. எழுந்து பின்னாலேயே போனான்.

மேலே காரிடாரில் பிரிண்டரின் தட்டு காலியாக இருந்தது. சீதாராமன் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாலடி தள்ளித் தன் மேஜையில் பத்மாசனி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குடும்மா."

"என்னத்தை சேர்?"

"பிரிண்ட் எடுத்தியே, அதை."

"அதோ? அது ஃபேக்ஸில போட்டுட்டன் சேர். இன்ஷூரன்ஸ் கந்தோருக்கு. சரக்கு உடைஞ்சா நான்தானே அவைக்கு அனுப்புறனான், நம்பர் மனப்பாடம்." மேஜை மேலிருந்த சின்னச் சீட்டை விரலால் தள்ளினாள். "போய்ச் சேர்ந்திட்டுதெண்டு துண்டும் வந்திட்டுது. வேணுமெண்டா வச்சிருங்கோ."

சீதாராமன் சீட்டை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்கு ஏம்மா இந்த வேலை?"

"அண்டைக்குக் காலமை அஞ்சு மணிக்குப் போன் பண்ணி எழுப்பினது நான் சேர்." பத்மாசனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "அக்கா, இண்டைக்கு எனக்கு லீவெல்லோ எண்டு கேட்டவன். ஆளில்லை, வாடாப்பா எண்டு நான்தான் கூப்பிட்டனான். இப்ப அவன் தானாக வந்தவனாம். அப்ப நான் யாருக்குப் போன் பண்ணினனான், பேய்க்கோ?"

சீதாராமனின் மொபைல் அடித்தது. இன்ஷூரன்ஸ்காரர் மதுசூதனன். ஃபேக்ஸ் கிடைத்துவிட்டது, மிக்க நன்றி. இன்னும் இருபது நிமிடத்தில் வந்துவிடுவேன். கம்ப்யூட்டரில் இருக்கும் அசல் ஃபைலையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற தேதியோடு. சீதாராமன் ஐந்து தடவை "ஷ்யூர்" சொன்னார். கடைசி 'ஷ்யூர்' காற்றாகத்தான் வந்தது.

"திறந்துடு மணி," என்றார் போனை வைத்துவிட்டு. "எல்லாருக்கும். பழையபடி."

"என் பேரையும் எடுத்தாச்சே சார். இப்ப அதுல உங்க பேரு மட்டும்தான் இருக்கு. நீங்கதான் திறக்கணும்."

அட்மினாக உள்ளே புகுந்து பிடுங்கிக்கொள்ள அவனுக்கு ஒரு வழி இருந்தது. அதையும் அவர் கேட்கவில்லை.

இருவரும் கீழே இறங்கினார்கள். சீதாராமன் கறுப்பு ஜன்னலின் முன்னால் உட்கார்ந்தார். மணிமாறன் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். இரண்டு முறை தப்பாகிவிட்டது. மூன்றாவது முறை பெயர்கள் ஓடின.

"நாளைக்கு லிஸ்ட் வரும்," என்றார் திரையைப் பார்த்தபடியே. "நாம ரெண்டு பேரும் இருப்போம்."

"தெரியும் சார்."

"உன் பேரை யாருடா எடுப்பா? வேற ஆளே இல்லையே."

"சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

சீதாராமன் சிரிப்பது மாதிரி ஏதோ செய்தார். கர்ச்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கம்பெனி லெட்டர்ஹெட் எடுக்க மேலே போனார். ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டிய கடிதத்தை இனி யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்.

மதுசூதனன் வந்தார், பார்த்தார், தேதியைக் குறித்துக்கொண்டார், டீ வேண்டாம் என்றார். பன்னிரண்டே முக்காலுக்குப் போய்விட்டார்.

ஒன்றரைக்கு பத்மாசனி சர்வர் ரூம் கதவைத் தட்டிவிட்டு, இரண்டு இடியாப்பமும் சம்பலும் இருந்த டப்பாவை கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடும். கடிதம் போயிட்டுது. ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் கதைச்சவை. வியாழக்கிழமை காலமை ஆபரேஷனாம். அவனிட்டயும் போனைக் குடுத்தவை. அழுதான், விசரன்."

மணிமாறன் டப்பாவைத் திறந்தான். ஒரு வாய் எடுத்தான். மென்றான்.

"எந்தக் கால்க்கா?"

பத்மாசனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு நாளாக ஆபீஸே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

"இடது," என்றாள்.

"இடது," என்றான் மணிமாறன். அடுத்த வாயை எடுத்தவன், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.