வெளியே இருந்த நாட்கள்

சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள் ஆறு வருடங்களில் ஒருமுறைகூட விமானம் ஏறாமல், இருநூற்றுப் பதினாலு நாட்கள் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கிறாள் என்று குடியுரிமை அலுவலகம் எழுதியிருந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

விண்ணப்பத்தின் பதினோராவது பக்கத்தில், வெளியே இருந்த நாட்களை எழுதச் சொல்லி ஒரு கட்டம் உண்டு. அவள் அதில் குண்டாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை. அதில் போகவர எங்கே நேரம்? கணவன் செத்த வருடம், நாலு வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள். குடியுரிமை கிடைத்தால்தான் மகளை அழைத்துக்கொள்ள முடியும். அந்த ஒரு தாளுக்காகத்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி ரொம்ப மரியாதையானவர். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பட்டியலைக் காட்டினார். தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். எல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல், இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. "அரை மணி போனாலும் ஒரு நாள்தாம்மா, சட்டம் அப்படி" என்றார். அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த மாதிரி விண்ணப்பங்களுக்கென்றே அங்கே ஒரு பச்சை அலமாரி இருந்தது, அது நிரம்பியும் இருந்தது. ஒரு வருடம், ஒரு நாள்கூட விடாமல் இங்கேயே இருந்தால் மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அக்கா சிரித்தாள். "இதப் போய் இப்பக் கேக்கற? நீதான் மாசத்துக்கு மூணு தடவை வந்துட்டுப் போறியே. வாயத் தொறக்கறதில்ல. கொடியில கெடக்கற துணியெல்லாம் எடுத்து, மூலையை உள்ள சொருகி மடிச்சு வச்சுட்டு, பாப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுக் கெளம்பிடற. களைப்பா இருப்பேன்னு நானும் ஒண்ணும் கேக்கறதில்ல."

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிக்கிற கண்ணாடிக்காரிக்கும் விஷயம் தெரிந்தேதான் இருந்தது. இவள் பேச்சை நிறுத்திவிட்டு மகளை நினைக்க ஆரம்பித்தால் இருந்த இடத்தில் இருக்கமாட்டாள். ஆனால் விரிப்பின் முனை கீழே விழாது, இடுப்பு உயரத்தில் அப்படியே நிற்கும். கண்ணாடிக்காரி தன் முனையை விடாமல் காத்திருப்பாள். மேலாளரிடம் மூச்சு விட்டதில்லை. மடித்த எண்ணிக்கை குறையாததால் அவரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஒரு வருடமும் கண்ணாடிக்காரிதான் காவல். மூன்று மணி ஆனால் வாய் ஓயாமல் பேசுவாள். மாமியாரின் முழங்கால் வலி, மாடிவீட்டுப் பூனை, எதுவும் பாக்கியில்லை. இவள் பார்வை கொஞ்சம் நிலைகுத்தினால், "ஏய், எங்க போற? முனையப் பிடி!" என்று விரிப்பை ஒரு சுண்டு சுண்டுவாள். இவள் மகளின் படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஊருக்குப் போன் பேசுவதையும் நிறுத்தினாள். முதல் மாதம் நரகமாக இருந்தது. ஆறாம் மாதம் பழகிவிட்டது. பத்தாம் மாதம் ஒரு நாள் முகம் கழுவும்போது, மகளின் மச்சம் இடது கன்னத்திலா வலது கன்னத்திலா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பெட்டியைத் திறந்தால் போய்விடுவோமோ என்ற பயத்தில் திறக்கவில்லை.

ஒரு நாள் குறையாமல் வருடம் முடிந்தது. ஒரு மண்டபத்தில் நாற்பது பேரோடு நின்று, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தாள். கடைசி வரியைச் சொல்லும்போது, கஞ்சியில் ஒட்டிப்போன இரண்டு விரிப்புகளைப் பிரிக்கிற சத்தம் தனக்குள்ளே கேட்டது. வலிக்கவில்லை. பக்கத்தில் உறுதிமொழி எடுத்த ஒரு சமையல்காரரும் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வாசலில் நின்றே அக்காவைக் கூப்பிட்டாள். "கெடச்சிருச்சுக்கா! பாப்பாவக் கூட்டிக்கறேன்!"

"என்னடி உளர்ற? நீ இப்பத்தான வந்த. இந்தத் தடவை வாயத் தொறந்து பேசற, சாப்பிட்ட, இனிமே போகமாட்டேன்னு சொன்ன. அங்க பாப்பாவுக்குத் தலை பின்னிக்கிட்டிருக்க."

மகள் போனை வாங்கினாள். "அம்மா இங்க இருக்காங்களே. நீங்க யாரு பேசறது?"

இருந்தாலும் மகளுக்காக விண்ணப்பம் போட்டாள். குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது என்று அதில் ஒரு கேள்வி. அலுவலகமே விசாரித்து, தாயிடம் என்று எழுதிக்கொண்டது. அதே அதிகாரி, அதே மரியாதையோடு தண்ணீர் கொடுத்து, தாயிடம் வளரும் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுவரச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது, படம் இல்லை. போனவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மறுநாள் மூன்று மணிக்கு மகளை நினைத்து நினைத்துப் பார்த்தாள். கால் தரையிலேயே இருந்தது. கண்ணாடிக்காரி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

கொஞ்ச நாள் வயிறு எரிந்தது. பிறகு அதுவும் ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவைக் கூப்பிட்டு, "என்கிட்ட குடு" என்பாள். அந்தப் பக்கம் அவளுடைய சொந்தக் குரலே வரும். பாப்பா சாப்பிட்டாளா, எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாக, மச்சம் எந்தக் கன்னத்தில் என்று கேட்பாள். "எடது" என்று பதில் வரும். அடுத்த ஞாயிறும் இவள் அதையே கேட்பாள், அவளும் அலுக்காமல் சொல்வாள்.